பெயரில் சிவகாசி இருந்தால் சிவகாசி கடையா? போலி பட்டாசு வெப்சைட்டுகள் இயங்குவது எப்படி?

தீபாவளி நெருங்கினாலே 'சிவகாசி நேரடி விலை, 80% தள்ளுபடி' என்று சமூக வலைதளங்களில் விளம்பரங்கள் வரிசை கட்டும். பணம் அனுப்பினால் சிலருக்குப் பட்டாசு வரும். சிலருக்கு எதிர்முனையில் போனே எடுக்க மாட்டார்கள். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழக சைபர் கிரைம் போலீசாரே இதுபற்றி எச்சரித்தனர். தள்ளுபடியை வைத்தும் போலியைப் பிடிக்க முடியாது. பட்டியல் விலையில் இப்படிக் கழிவு கொடுப்பது நிஜக் கடைகளிலும் வழக்கம்தான். அப்படியென்றால் எதைப் பார்ப்பது?

பெயர் வாங்க ஆதாரம் வேண்டுமா?

வெப்சைட் முகவரிக்கு 'டொமைன்' என்று பெயர். ஆண்டுக்கணக்கில் பணம் கட்டி வைத்துக்கொள்ளும் வாடகை மாதிரி. 'டாட் கவ் டாட் இன்' அரசுக்கு மட்டுமே கிடைக்கும். 'டாட் காம்' அப்படியில்லை. வேறு யாரும் எடுக்காத பெயராக இருந்தால் போதும். 'சிவகாசி' என்று சேர்த்துக்கொள்ள அங்கே கடை இருக்க வேண்டியதில்லை, பட்டாசு லைசென்ஸையும் கேட்க மாட்டார்கள்.

பக்கம் எங்கிருந்து வருகிறது?

முகவரியைத் தட்டியதும், 'இந்தப் பெயருக்கு என்ன எண்?' என்று நம்ம போன் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். கிடைக்கும் ஐபி எண்ணில் உள்ள சர்வர் பக்கத்தை அனுப்பும். அந்த சர்வர் விருதுநகரிலும் இருக்கலாம், வெளிநாட்டிலும் இருக்கலாம். நாம் பார்ப்பது போனுக்கு வந்து இறங்கிய நகல். அதனால்தான் அசல் கடையின் லோகோ, விலைப்பட்டியல், படங்களை அப்படியே எடுத்து வேறு முகவரியில் ஏற்றுவது சுலபம்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாமா?

போனுக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. இந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடி சைட்டிலும் அதே பூட்டு இருக்கும்.

பணம் எங்கே மாட்டுகிறது?

ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதனால் பல கடைகளின் சைட்டில் 'கார்ட்' என்று இருப்பது வெறும் விசாரணைப் படிவம்தான். பேச்சு வாட்ஸ்அப்பில், பணம் யுபிஐ-யில். பெரிய ஷாப்பிங் தளங்களைப் போல பணத்தைத் திருப்பித் தர நடுவில் யாருமில்லை. மோசடி நுழைவது இந்த இடைவெளியில்தான்.

என்ன செய்யலாம்?

'ஹூ இஸ்' தேடலில் டொமைன் பதிவான தேதி தெரியும். '25 ஆண்டு அனுபவம்' என்று சொல்பவரின் முகவரி போன மாதம்தான் பதிவாகியிருந்தால் உஷாராகுங்கள். யுபிஐ-யில் கடைப் பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத தனிநபர் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. உள்ளூரில் லைசென்ஸ் பெற்ற கடையில் நேரில் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.