நகை என்ன தாழ்ந்த மெய்ப்பாடா?

சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' பற்றிப் பேச்செடுத்தாலே தீவிர இலக்கிய நண்பர்கள் சிலர் ஒரு புன்னகையோடு விலகிக்கொள்கிறார்கள். "கல்லூரிப் பிள்ளைகள் படித்துச் சிரிக்கிற காதல் தோல்விக் கதை, அதற்கு மேல் ஒன்றுமில்லை" என்பது அவர்கள் தீர்ப்பு. தீர்ப்பின் முற்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பிற்பகுதியைத்தான் மறுக்கிறேன்.

சிரிக்கவைப்பது இலக்கியத்துக்கு இழுக்கு என்று நமக்குச் சொன்னவர் யார்? எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகையை அதற்கு அடுத்துத்தான் வைத்தார். நகை பிறக்கும் களங்களாக அவர் காட்டும் நான்கில் எள்ளலோடு இளமையும் பேதைமையும் மடமையும் இருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்நாவலின் முதற்பாகம் இந்த நான்கின்மேல்தான் நிற்கிறது.

இடம் பாபநாசம், நம் தஞ்சைப் பக்கத்துப் பாபநாசம் அன்று, பொருநைக் கரையிலுள்ள நெல்லைப் பாபநாசம். பொறியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ரகுபதி. வெகுளியாகப் பேசிக்கொண்டேயிருக்கும் மதுமிதா. அவள் பேச்சுக்கு நாம் சிரிக்கிறோம். பிறகு அமெரிக்க மாப்பிள்ளை வருகிறான். பெரியவர்கள் தடம் மாறுகிறார்கள். அவளும் அதே வெகுளித்தனத்தோடு இசைந்துவிடுகிறாள். எந்தப் பேதைமைக்குச் சிரித்தோமோ அதே பேதைமைதான் ரகுவை நொறுக்குகிறது. சிரித்ததற்காக நாமே கூசிப்போகும் இந்த இடத்தை, கண்ணீரில் தொடங்கிக் கண்ணீரிலேயே முடியும் எத்தனை நாவல்கள் எட்டியிருக்கின்றன?

சுஜாதா அன்பர்களோடும் எனக்கு வழக்குண்டு. அமெரிக்காவில் நடக்கும் இரண்டாம் பாகத்தையும் அவர்கள் அதே மூச்சில் கொண்டாடுகிறார்கள். அங்கே நகை மெலிந்துவிடுகிறது. ஊர் பார்த்த வியப்பும் நீதியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரகுவுக்கு வளர இடம் கிடைக்கிறது, மதுவுக்குத் துன்பம்தான் கிடைக்கிறது. அவள் ஏன் அப்படி வளர்க்கப்பட்டாள் என்று ஆசிரியர் இன்னும் ஆழமாகக் கேட்டிருக்க வேண்டும்.

கோட்டுச்சேரிமேட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. 1954இல் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும் சில குடும்பங்களில் தங்கிவிட்டது. 'பிரான்சு மாப்பிள்ளை' என்ற சொல்லுக்கு இங்கே உரையாசிரியர் தேவையில்லை. சுஜாதாவின் அமெரிக்க மாப்பிள்ளை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்நியன் அல்லன்.

வகுப்பில் ஒருநாள் இந்நாவலைப் பேசியபோது பையன்கள் மதுமிதாவை "லூசு" என்று சொல்லிச் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "அவ லூசு இல்ல சார். உனக்கு என்ன வேணும்னு அவளை யாருமே கேக்கல." வகுப்பு அடங்கிவிட்டது. ஒரு நொடிக்கு முன்வரை நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்லூரிப் பெண்ணை இப்படி எழுந்து பேசவைத்த கதையைத்தான் 'அதற்கு மேல் ஒன்றுமில்லை' என்கிறார்கள். நண்பர்கள் முதற்பாகத்தையாவது மறுபடி எடுத்துப் படிக்கட்டும். வாய்விட்டுச் சிரிக்கட்டும். பிறகு வழக்காட வரட்டும்.