பழைய இயங்குதளத்தை மாற்றுதல் தகுமோ?

"நன்கு ஓடும் கணினியில் கைவைப்பானேன்?" என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இன்றும் பல இல்லங்களில் பழுதின்றி இயங்குகின்றது. ஆயினும், 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு, தனியே பதிவுசெய்துகொண்டார்க்கு ஒழிய ஏனையோர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை மைக்ரோசாப்ட் கம்பெனியார் நிறுத்திவிட்டனர்.

கதவு உறுதியாயிருப்பினும் பூட்டுப் பழுதுபட்ட வீட்டில் அச்சமின்றித் துயிலல் இயலுமோ? 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கிற்று. அதனைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் இடருற்றன. வங்கிக் கணக்கையும் குடும்பத்தின் படங்களையும் கணினியில் வைத்திருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நிற்க. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் 4 ஜி.பி. நினைவகத்தையும் வேண்டுவது. அவை இல்லாத பழங்கணினியை எறிந்துவிடல் வேண்டா. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவலாம். இணையத்தொடர்பே இல்லாதார்க்கு மாற்றம் அவசரமன்று. ஏனையோர், முதற்கண் தம் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, தாமதமின்றி மாறுதலே அறிவுடைமை என்பது எமது துணிபு.