பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

பாடசாலைப் பிள்ளைகளுள் ஓட்டிசம் உடையோர் எத்தனை பேர் என்று வினவுவோர், அவர்களை எண்ணியவர் எவ்விடத்திலே தேடி எண்ணினார் என்பதையே முதலிற் கேட்டறிதல் வேண்டும். விசேட கல்வியில் எத்தனை ஆசிரியரைப் பயிற்றுவது, எத்தனை வகுப்பறைகளை ஒதுக்குவது என்பன யாவும் இத்தொகையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. தொகை குறைவாயின், விடுபட்ட பிள்ளைக்கு ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை.

பிறரோடு பழகுவதிலும் பேச்சைக் கையாள்வதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யும் இயல்பு, வழக்கம் சிறிது மாறினும் கலங்குதல் ஆகியன சிறு வயதிலிருந்தே காணப்படும் நிலையை ஓட்டிசம் என்பர். 1943 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான லியோ கானர் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதிய கட்டுரையால் இது உலகின் கவனத்துக்கு வந்தது. விக்டர் லொட்டர் என்பவர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் 8 முதல் 10 வயது வரையுள்ள ஏறக்குறைய 78,000 பிள்ளைகளை ஆராய்ந்து, 10,000 பேருக்கு 4.5 பேர் என்று 1966 இல் வெளியிட்டார். கானர் வரைந்த உருவத்துக்கு ஒத்த பிள்ளைகளையே அவர் தேடினார். பின்னர் இலண்டனின் கம்பர்வெல் பகுதியில் ஆராய்ந்த லோர்னா விங், ஜூடித் கூல்ட் ஆகிய இருவரும், அவ்வுருவத்துக்கு முற்றும் பொருந்தாவிடினும் அதே வகை இடர்ப்பாடுடைய பிள்ளைகள் பலர் உளர் என்று 1979 இற் காட்டினர். வரைவிலக்கணம் விரிந்தது, தொகையும் உயர்ந்தது. புதியதொரு நோய் ஊரெங்கும் பரவுகின்றதென அஞ்சும் பெற்றார் இதனை மனங்கொள்வாராக.

இதிலும் வியப்புக்குரியது தென்கொரியாவின் செய்தி. சியோல் நகருக்கு அணித்தான கோயாங் நகரில் 7 முதல் 12 வயது வரையுள்ள ஏறக்குறைய 55,000 பிள்ளைகளை மையமாகக் கொண்ட ஆராய்ச்சி 2011 இல் வெளிவந்தது. அதனை நடத்தியோர் விசேட பாடசாலைகளோடும் அங்கவீனர் பதிவேட்டோடும் நின்றுவிடாது, சாதாரண பாடசாலைகளுட் புகுந்து பெற்றாரையும் ஆசிரியரையும் வினவினர். ஐயத்துக்கிடமான பிள்ளைகளை நேரிலும் பரிசோதித்தனர். நூற்றுக்கு 2.64, அதாவது ஏறக்குறைய 38 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அவருள் மூன்றில் இரு பங்கினர் சாதாரண வகுப்புகளிலே, எவராலும் இனங்காணப்படாது, எவ்வுதவியும் பெறாது அமர்ந்திருந்தனர்! ஏற்கெனவே அறியப்பட்ட கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தனர். சாதாரண வகுப்புகளிற் கண்டெடுத்த கூட்டத்திலோ ஒருத்திக்கு இரண்டரைப் பேரே. குழப்படி செய்யும் பையனை ஆசிரியர் கண் காணுகின்றது. ஒதுங்கி அமர்ந்து கொப்பியில் ஒரே படத்தை வரைந்துகொண்டிருக்கும் சிறுமியை, அடக்கமான பிள்ளையென நாம் மெச்சிவிடுகின்றோம்.

கேம்பிரிட்ச் பகுதியில் 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே நிகழ்ந்து 2009 இல் வெளிவந்த ஆராய்ச்சியும், அறியப்பட்ட மூவருக்கு அறியப்படாதோர் இருவர் என்றே மதிப்பிட்டது.

நம் நாட்டைப் பற்றியும் ஓர் ஆராய்ச்சி அதே 2009 இல் வெளியாயிற்று. 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைப் பார்த்ததில் நால்வருக்கு ஓட்டிசம் காணப்பட்டது. 93 பேருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். நால்வரைக் கொண்டு நாடு முழுவதையும் அளப்பது துணிவுதான். ஆயினும், மேல்நாட்டு வினாக்கொத்தைச் சிறிது திருத்தித் தாய்மாரிடம் கொடுத்தாற் போதாது என்று அவ்வாராய்ச்சியாளர் கண்டதை நாம் பெரிதாக மதிக்கின்றோம். தன் பிள்ளையிற் குறை சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

1,000 மாணாக்கர் பயிலும் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிடில்செக்ஸ் கணக்கின்படி அங்கே அரைப் பிள்ளைக்கும் குறைவு. அரைப் பிள்ளைக்கு எவர் ஆசிரியரை நியமிப்பார்? கோயாங் கணக்கின்படி 26 பேர். இந்த 26 பேருக்கும் வேண்டுவதும் ஒன்றன்று. ஒருவனுக்கு நாள் முழுதும் அருகே ஓர் ஆள் வேண்டும். இன்னொருவனுக்கு இரைச்சலற்ற மூலையில் ஓர் ஆசனமும், நாளைய நேரசூசி மாறுமாயின் அதனை இன்றே சொல்லிவைக்கும் ஆசிரியரும் போதும். தலைகளை எண்ணுவதோடு தேவைகளையும் எண்ணாத கணக்கு, கல்விக் கந்தோருக்கு அதிகம் பயன்படாது.

இங்கிலாந்துப் பாடசாலைகளில் வைத்தியர் நோய்க்குப் பெயர் சூட்டும்வரை காத்திராது, பிள்ளைக்கு உள்ள தேவையைக் கண்டே விசேட உதவியைத் தொடங்கலாம். வைத்திய நிபுணரைக் காண மாதக்கணக்கிற் காத்திருக்கும் நம் பெற்றாருக்கும் இம்முறை பெரிதும் உதவும். வகுப்பாசிரியர் தாம் கண்டவற்றைத் திகதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெற்றாருக்கும் காட்டிவைத்தால், பிற்பாடு நிபுணரிடம் செல்லும்போது அக்குறிப்பேடே முதற் சாட்சியாகும். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.