கைவிரலால் பூசும் எண்ணெய்

அக்கராயனில் எமது உறவினர் வீட்டுக் கொட்டகையில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட எத்தனையோ கார்களுள் அதுவும் ஒன்று. நோயாளரைச் சுமந்த புண்ணியம் அதற்குண்டு. ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். நீர்த்த எண்ணெய் பாரந் தாங்குமா? பேரிங்குகள் தேய்ந்தன.

உயர்தர வகுப்பில் பயிலும் பேரன் அதனைப் புதுப்பிக்க முற்பட்டான். முதன்முறை பூட்டுகையில், "அடித்தொட்டியில் எண்ணெய் இருக்கிறதே, தம்பி; அது போதும்" என்று கூறியவர் நாமேதாம். சில நிமிடங்களில் 'டொக், டொக்' என்ற ஓசை எழுந்தது. கழற்றிப் பார்த்தால், புதுத் தகடுகள் உராய்ந்து கீறுண்டு கிடந்தன. பையனின் சேமிப்பு அத்தனையும் அதிற் போயிற்று. அவன் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந் தண்டனையாயிற்று.

பிஸ்ரனையும் கிராங் தண்டையும் இணைக்கும் கொனெக்ரிங் றொட்டின் கீழ்முனையில், மென்மையான கலப்புலோகம் பூசிய இரு பிறைவடிவத் தகடுகள் உள்ளன. தண்டு சுழலும்போது எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, அதன்மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. 1883இல் இங்கிலாந்தில் பியூச்சம்ப் ரவர் என்பார், புகைவண்டி அச்சுப் பேரிங்கின் மேற்புறத் துளையை மரமுளையால் அடைத்தார். எண்ணெயோ முளையை வெளியே தள்ளிற்று! அவ்வளவு அழுத்தம் உள்ளே பிறக்கிறது. ஒஸ்போர்ண் றெய்னோல்ட்ஸ் 1886இல் இதனைக் கணிதத்தால் விளக்கினார்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினிலோ எண்ணெய் வழிகள் வெறுமையாயிருக்கும். பம்ப் அவற்றை நிரப்பும்வரை, கையாற் பூசியதே காவல்.

இரண்டாம் முறை அவன் எம்மைக் கேட்கவில்லை. தகட்டின் புறப்பக்கத்தை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்தான். அங்கே எண்ணெய் இருந்தால் தகடு செவ்வனே அமராது, வெப்பமும் கடவாது. உட்புறத்திலும் கிராங் தண்டிலும் தடித்த பூச்செண்ணெயைத் தாராளமாகத் தடவினான். பம்பின் பற்சக்கரங்களுக்கிடையே வாசலீனை அடைத்தான். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தங் காட்டும் விளக்கு அணையும்வரை ஸ்ராற்றரால் எஞ்சினைச் சுழற்றினான். அவ்விளக்கு அணைந்தபோதுதான் நாம் மூச்சுவிட்டோம்.

இப்பொழுது அக்கராயன் குளத்து வீதியில் அப்பப்பா கார் ஓட்டுகின்றார். அருகிலிருந்து, "ஐந்நூறு மைல்வரை மெதுவாக ஓட்டுங்கோ" என்று பேரன் ஓயாது எச்சரித்துக்கொண்டிருக்கிறான்.