அனுமதிக் கடிதத்துக்கும் முதல் தவணைக்கும் இடையில்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் மலையகத்தின் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. லயக் காம்பராவில் படித்த பிள்ளை, கொழுந்து பறிக்கும் தாய், விடாமுயற்சி, வெற்றி. அந்தப் பிள்ளையின் உழைப்பு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் உயர்கல்வி, தொழிற்பயிற்சி நிறுவனங்களில் பணியாற்றும் நம்மை இந்தச் செய்தி சோம்பலாக்குகிறது. எல்லாத் தடையையும் பிள்ளையே தாண்டிவிடும் என்று நினைத்து, நம் பங்கை மறந்துவிடுகிறோம்.

1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். ஆகவே இன்று குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்குப் பின்னால் இருப்பது பெற்றோரின் அக்கறையின்மை அல்ல, நாடு காட்டிய தாமதம். படிவம் நிரப்பவும், மேன்முறையீடு எழுதவும், எந்தப் பாடநெறிக்கு என்ன மதிப்பு என்று சொல்லவும் மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அந்த ஆள் நாம்தான்.

முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது டிவிஷனுக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கடிதம் கிடைத்த கதையை மலையகத்தில் கேள்விப்படாதவர் இல்லை. நமது பதிவேட்டிலோ அது 'சமுகமளிக்கவில்லை' என்ற ஒரே சொல்லாக முடிந்துவிடுகிறது.

பணமும் அப்படித்தான். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய் ஆனது. மழையாலோ கொழுந்துக் குறைவாலோ அரைப்பேர் (அரைநாள் வரவு) விழுந்தால் அன்றைய கூலி முழுதாக வராது. சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். இது தெரிந்த கல்லூரி, அனுமதிக் கட்டணத்தையும் விடுதி முற்பணத்தையும் மாத முதல் வாரத்தில் மொத்தமாகக் கேட்காது. பத்தாம் திகதிக்குப் பின், தவணை முறையில் வாங்கும். இதற்குச் சுற்றறிக்கையோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை.

சில தடைகள் அனுமதிக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கே வரும் நோயாளிகளின் மொழி பேசும் தாதியர் தேவை என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அரச தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டும். தமிழில் விஞ்ஞானம் படிக்கத் தோட்டப் பிள்ளைகளுக்கு இருக்கும் பாடசாலைகளோ மிகச் சில. அட்டன் ஹைலன்ட்ஸ் போன்ற ஒன்றிரண்டு கல்லூரிகளை நோக்கி எத்தனை பேர் தினமும் பஸ் ஏற முடியும்? இந்தக் கதவு பதினாறு வயதில், கலைப்பிரிவைத் தெரிவுசெய்யும் நாளிலேயே மூடிவிடுகிறது. தொழில் வழிகாட்டல் ஆசிரியர்கள் உயர்தரம் முடிந்த பிறகு கருத்தரங்கு வைப்பதில் பயனில்லை. பத்தாம் தரத்தில் பெற்றோரையும் அழைத்து, சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு, தோட்டத்துக்கே போய்ப் பேச வேண்டும்.

சரியாக அமைத்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, தோட்டப் பிள்ளைகளை மனதில் வைத்து ஜெர்மன் உதவியோடு எழுந்தது. வீட்டுக்கு எட்டும் தூரம், தங்குமிடம், மாதப்படி, தமிழ்மொழிமூலம், முடிவில் ஆசிரியர் நியமனம். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்துத் தங்கள் தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியராகத் திரும்பினார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட மனஉறுதி கூடுதலாக இருந்தது என்று நான் நம்பவில்லை. நிறுவனம் அவர்களுக்காகக் கட்டப்பட்டிருந்தது. டிப்ளோமா நிலைத் தொழிற்பாடநெறிகளில் இதே அமைப்பு ஏன் இல்லை என்று நாம் அமைச்சிடம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை பதிவாளர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அனுமதிப் பட்டியலில் ஒரு தோட்டப் பிள்ளையின் பெயரை வெட்டுமுன், விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசுங்கள். யாரும் எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை படித்த பாடசாலையின் அதிபரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.