ஐயாயிரம் வாட்ஸ் பொய்

போன தீபாவளிக்கு முந்தின வாரம். திண்டிவனத்திலிருந்து என் மச்சான் (மனைவியின் அண்ணன்) விழுப்புரத்துக்கு வந்து இறங்கினார். ஹோம் தியேட்டர் வாங்க வேண்டுமாம். பட்ஜெட் பதினாலாயிரம். நான் உள்ளூர்க்காரன் என்பதால் துணைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கடைதான், போர்டு மட்டும் வேறு.

“சார், இதை எடுங்க. 5.1. ஐயாயிரம் வாட்ஸ்!” என்றார் விற்பனைத் தம்பி.

“போட்டுக் காட்டுங்க.”

போட்டார். ஹெலிகாப்டர் பறந்தது. கண்ணாடி உடைந்தது. அப்புறம் ஒரு ‘டம்’. ஷோகேஸில் இருந்த மிக்ஸிகள் எல்லாம் ஒரு தடவை நடுங்கி அடங்கின. மச்சான் முகத்தில் பரவசம்.

“தம்பி, என் செல்லுல ஒரு பாட்டு இருக்கு. அதைப் போடுங்களேன்.”

“பாட்டெல்லாம் எதுல போட்டாலும் ஒரே மாதிரிதான் சார் கேட்கும். நீங்க பேஸைப் பாருங்க!”

கவனித்தீர்களா? பேஸைப் ‘பார்க்க’ச் சொல்கிறார். நாமும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். பளபளவென்று நீல விளக்கு, அட்டைப் பெட்டியில் பெரிய எண், பன்னிரண்டு மாதத் தவணை. கேட்கிற சாமானைக் கண்ணால் பார்த்து வாங்கிவிட்டு, நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

*

நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. ஆனால் வரவு, செலவு தெரியும். வீட்டுக்கு வந்து பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன ஸ்டிக்கரில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட்ஸ் என்று இருந்தது. உள்ளே வருவது அறுபது, வெளியே போவது ஐயாயிரமா? இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை நீட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நிஜமாகவே ஐயாயிரம் வாட்ஸ் என்றால் என்ன? ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று சுமார் ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் இழுக்கும். அப்படி மூன்று ஏ.சி.யை ஒரே பிளக்கில் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி! நம் வீட்டு டி.வி. பக்கத்தில் இருக்கிற பிளக் பாயின்ட் அதைத் தாங்குமா?

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பி.எம்.பி.ஓ. என்று ஒரு மாய அளவு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு துளி சத்தம் உச்சத்துக்குப் போகுமென்று கணக்கு வைத்து, அதையும் காகிதத்திலேயே பெருக்கி, பெட்டி மேல் அச்சடித்துவிடுவது. இப்படித்தான் அளக்க வேண்டும் என்று அதற்குப் பொதுவான விதி கிடையாது. இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்கிற ஆர்.எம்.எஸ். எண்தான் ஓரளவு நேர்மையானது. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1974-லேயே அரசு விதி போட்டுவிட்டது. இங்கே 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019-ல் புதிதாக எழுதினார்கள். அதன்படி, ஏமாற்று விளம்பரம் செய்யும் தயாரிப்பாளருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஐயாயிரம் வாட்ஸ் பெட்டி ஷோகேஸில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. வாட்ஸைப் பத்து மடங்கு கூட்டினால்தான் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். சாதாரண ஹாலில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, பெரும்பாலான நேரம் ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான். ஆக, நாம் தவணை கட்டுவது நமக்குத் தேவையே இல்லாத ஒரு பொய்க்கு.

*

இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனம் போனேன். ஹாலில் படம் ஓடுகிறது. மாமனார் மட்டும் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. கடலை மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பழைய படங்களின் வசனத்தை வரி விடாமல் சொல்லுவார்.

“ஏன் மாமா வெளியே இருக்கீங்க?”

“சண்டை போடுறது கேக்குது மாப்ள. ஏன் சண்டை போடுறான்னுதான் கேக்கல.”

பதினாலாயிரம் ரூபாய் செலவழித்து ஒரு பெரியவரை அவர் வீட்டு ஹாலிலிருந்தே வெளியேற்றியிருக்கிறோம்! வசனத்துக்காக வால்யூமைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். குறைத்தால் வசனம் காணாமல் போகிறது.

அன்றைக்கே ஒரு பரீட்சை வைத்தேன். பரணில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. தொண்ணூறுகளில் ஊர் ரேடியோ மெக்கானிக் அசெம்பிள் செய்து கொடுத்தது. உள்ளே எல்.ஏ.4440 என்கிற ஐ.சி. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு வாட்ஸ் பக்கம்தான். கூட இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். தூசி தட்டி, புதுசு பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பெட்ஷீட்டால் மூடினேன். சத்தம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி செல்போனில் அளந்து வைத்தேன்.

இது ரொம்ப முக்கியம். இரண்டு செட் இருந்தால், துளி சத்தமாக இருப்பதைத்தான் காது ‘நல்லது’ என்று சொல்லும். எதைத் தள்ளிவிட வேண்டுமோ அதில் வால்யூமை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் போதும், வியாபாரம் முடிந்தது.

கேட்டவர்கள் ஆறு பேர். மாமனார், அத்தை, மச்சான், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். வசனக் காட்சியில் ஐந்து பேர் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஓட்டுப் போட்டார்கள். பாட்டில் மூன்றுக்கு மூன்று. சண்டையில் ஆறு ஓட்டும் புதுசுக்கு. பெட்ஷீட்டை எடுத்ததும் மச்சான் நம்பவில்லை. “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். அதே கதைதான்.

புதுசு அவ்வளவு மோசமா? இல்லை. 5.1-ல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். டிபன் பாக்ஸ் அளவுள்ள அந்த ஸ்பீக்கரை மச்சான் டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். வெளியே எடுத்து, உட்காருபவர் காதைப் பார்த்துத் திருப்பினோம். பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருந்தது, சரி செய்தோம். மூலையில் இருந்த சப்-வூஃபரைச் சற்று முன்னால் இழுத்துக் குறைத்தோம். டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள ஹாலில், மூலையில் வைத்த சப்-வூஃபர் எல்லாவற்றையும் ‘டம்’ ஆக்கிவிடும். மறுபடி போட்டபோது புதுசிலும் வசனம் புரிந்தது. மாமனார் ஹாலுக்கு வந்தார்.

இதில் ஒரு வார்த்தையாவது கடையில் சொன்னார்களா? எங்கே சொல்வது! சொன்னால் வாட்ஸ் எண்ணுக்கு வேலை இல்லையே.

*

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கீத சார் இருக்கிறார். ஸ்பீக்கர் வயருக்கே என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவர். “பதினாலாயிரம் ரூபாய் டப்பாவையெல்லாம் கேட்டு வேற பார்க்கணுமா?” என்று சிரித்தார். கடைக்கார தம்பி சொன்னதும் இதுதான், சார் சொல்வதும் இதுதான். இருவரும் நம்மைப் பார்த்துச் சொல்வது ஒன்றே: உனக்கெல்லாம் எதுக்குக் காது?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த மண் இது. கட்டியக்காரன் குரல் கொஞ்சம் கம்மினாலும் கடைசி வரிசைக் கிழவி கண்டுபிடித்துவிடுவாள். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. 1996-ல் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ்.ஸில் வந்தது. அப்புறம் சுவரொட்டிகளில் நடிகர் பேருக்குப் பக்கத்தில் ‘டி.டி.எஸ்.’ என்று போட்டுக் கூட்டம் சேர்த்தார்கள். சத்தத்துக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் நாம். 2008-ல் மறைந்த எச்.ஸ்ரீதர் மாதிரி ஒலிப்பதிவாளர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து, குரல் இங்கே, வயலின் அங்கே என்று பிரித்து வைத்துக் கொடுத்தார்கள். அத்தனையையும் ஒரே ‘டம்’ ஆக்கி நம் தலையில் கட்டுகிறார்கள்.

லட்சக்கணக்கில் கொடுக்கிறவர் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார். பதினாலாயிரத்தைத் தவணையில் கட்டுகிறவர் பத்து வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். கேட்டுப் பார்க்கும் உரிமை யாருக்கு அதிகம் வேண்டும்?

இப்போது ‘சவுண்ட் பார்’ என்று மெலிந்த உருவத்தில் வருகிறது. பெட்டி இளைத்திருக்கிறது, எண் இளைக்கவில்லை. ஆகவே, அடுத்த முறை போகும்போது உங்களுக்கு நூறு தடவை கேட்டுப் பழகிய ஒரு பாட்டையும், இரண்டு பேர் மெதுவாகப் பேசும் ஒரு காட்சியையும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். குறைந்த வால்யூமில் வசனம் புரிகிறதா பாருங்கள். பேஸில் தபேலா வேறு, டிரம் வேறு என்று தெரிகிறதா கேளுங்கள். இருபது நிமிஷம் உட்காருங்கள். காது களைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரைக் கூட அழைத்துப் போங்கள்.

“அதெல்லாம் போட முடியாது சார்” என்று சொன்னால்?

என் மாமனார் சொன்னதைச் சொல்லுங்கள்: “திண்டிவனம் கமிட்டியில ஒரு மூட்டை கடலை எடுக்கிறவன்கூட நாலு காயை உடைச்சு, பருப்பைப் பார்த்துட்டுத்தான் விலை கேப்பான் மாப்ள. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க... உடைக்காமலே வாங்கிட்டு வந்திருக்கீங்க!”