ஈரக் கரையில் சைக்கிள் வேண்டாம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாலிபர்கள் அகன்ற டயருள்ள மலைச் சைக்கிள்களில் ஏறி, ஏரிக்கரைகளிலும் மண் பாதைகளிலும் சவாரி செய்வதை நாம் வரவேற்கிறோம். தேகத்துக்கும் மனத்துக்கும் உறுதி தரும் பழக்கம் அது. ஆனால், வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும் நாட்களில் அவர்கள் அங்கே செல்லலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

காய்ந்த களிமண் கல்லைப்போல் இறுகி நிற்கும், நனைந்தாலோ குழைந்துவிடும். பல்வைத்த டயர் அதன்மேல் உருண்டால் புல்லின் வேர் பெயர்ந்து, தடம் பள்ளமாகிறது. அடுத்த மழைக்கு அப்பள்ளமே வாய்க்காலாகி மண்ணை அரிக்கிறது. சேற்றுக்கு அஞ்சி ஓரமாய் ஒதுங்குவோர் கரையின் சரிவையும் கெடுக்கின்றனர்.

கரை வெறும் பாதையன்று. நீரைத் தாங்கும் அரண். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி. 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மக்கள் பட்ட பாட்டை யார் மறப்பார்? சைக்கிள் தடத்தால் அத்தகைய பேரேரி உடைந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் கவனிப்பாரற்ற சிற்றேரிகளின் கரைகள் இவ்வாறு சிறுகச் சிறுகவே தேய்கின்றன.

“மண் லாரிகள் செய்யும் நாசத்துக்கு முன் சைக்கிள் எம்மாத்திரம்?” என்று சிலர் கேட்கலாம். லாரிகளைத் தடுப்பது சர்க்காரின் கடமை. அதை வற்புறுத்துவது பொதுஜனங்களின் உரிமை. ஆனால் தாமே கரையைக் கிளறுவோர் பிறரைக் கண்டிப்பது எங்ஙனம்?

1988-ல் காலிபோர்னியாவில் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கமும், பாதை இளகியிருக்கும்போது வேறு வழி தேடுமாறு தன் விதிகளில் கூறுகிறது. நமக்கோ இது புதிய பாடமன்று. குடிமராமத்து என்ற பெயரால் கிராமத்தார் கூடி ஏரிகளைக் காத்தனர். 1858-ல் சென்னை ராஜதானிக்காகப் பிறந்த சட்டம் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கியது. அவர்கள் கரைக்கு மண் சுமந்தார்கள். இன்று வாலிபர்களை நாம் மண் சுமக்கச் சொல்லவில்லை. இருக்கும் மண்ணைப் பெயர்க்காதிருக்கவே வேண்டுகிறோம்.

இதற்குப் போலீஸ் காவலோ புதிய உத்தரவோ தேவையில்லை. இறங்கிச் சில அடி நடந்து பாருங்கள். குதிகால் பதிந்தால் திரும்பிவிடுங்கள். அன்றைய சவாரி தார்ச்சாலையில் நடக்கட்டும். வெயில் அடித்துக் கரை இறுகியபின் அது உங்களுக்காகக் காத்திருக்கும்.